நிலவேம்பு இனித்த நாட்கள்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேசத் தெரியும். பொய் சொல்லவும் தெரியும். நிலவேம்பு அப்போது தேனாக இனிக்கும். பெயரும் வேறு, அது எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் காடு முழுக்க விஷக்காய்ச்சல் பரவியது. செம்போத்துதான் காட்டுக்கு வைத்தியச்சி. மலையடியில் இருந்த நிலவேம்பில் அளவாகத் தழை கிள்ளி, தினம் ஒரு பானை கசாயம் காய்ச்சினாள். வரிசையில் வருகிறவர்களின் நெற்றியில் இறக்கையை வைத்துப் பார்ப்பாள். சுட்டால் ஒரு சிரட்டை கசாயம்.

கரடிக்கு இது போதாதா? உச்சிவெயிலில் பாறைமேல் நெற்றியை வைத்துக் குப்புறப் படுத்துவிட்டு முதல் ஆளாக வந்து நிற்பார். "வைத்தியரம்மா, உடம்பே அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கு" என்று முனகுவார். குடித்ததும் மறுபடி பாறைக்கு ஓடுவார். அவரைப் பார்த்துக் குரங்குகளும் கற்றுக்கொண்டன. மூன்றாம் நாள் பாறையில் படுக்க இடமில்லை.

அன்று மாலை, தன் குட்டியைக் கவ்விக்கொண்டு முயல் வந்து சேர்ந்தாள். குட்டியின் உடம்பு அனலாகக் கொதித்தது.

"மூணு நாளா கண்ணே தொறக்கலக்கா. ஒரு வாய் இருந்தாலும் குடுங்க."

செம்போத்து பானையைக் கவிழ்த்துக் காட்டினாள். சொட்டு இல்லை. அவளுக்கே அழுகை வந்தது.

நிலவேம்பில் ஒரு பிடி தழைதான் மிச்சம். கரடியோ இன்னும் வரிசையை விட்டு நகரவில்லை. நிலவேம்புக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் நின்ற வேப்பமரத்தைக் கூப்பிட்டது.

"அண்ணே, உங்க கசப்புல கொஞ்சம் குடுங்க. என் இனிப்பை எடுத்துக்கோங்க."

"கசப்பை யாராச்சும் கேட்டு வாங்குவாங்களா? அப்புறம் ஒருத்தரும் உன்னை ஆசையாத் தேடி வரமாட்டாங்க."

"தெரியும். குடுங்க."

செம்போத்து அந்தக் கடைசிப் பிடியைக் காய்ச்சி இறக்கினாள். கரடி முயலைத் தள்ளிவிட்டுச் சிரட்டையை நீட்டினார். ஒரு மிடறுதான். முகம் அஷ்டகோணலாயிற்று.

"எனக்கு இப்பத் தேவலை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். குரங்குகளுக்கும் காய்ச்சல் அந்த நிமிடமே இறங்கிவிட்டது.

முயல் குட்டியின் மூக்கைப் பிடித்து ஊற்றினாள். குட்டி பாதியைத் துப்பியது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து அம்மாவைத் திட்டியது. பிள்ளை திட்டியதைக் கேட்டு முயல் சந்தோஷத்தில் அழுதாள்.

வாங்கிய இனிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேப்பமரம் பழத்துக்குள் வைத்துக்கொண்டது. அன்று முதல்தான் வேப்பம்பழம் இனிக்கிறது, நிலவேம்பு கசக்கிறது. கசாயம் கொதிக்கிற வாசனை வந்தாலே வீட்டில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் சரியாகிவிடுகிறது.