காது மெஷினுக்கு ஐந்து நட்சத்திரம்

இதை எழுதுகிறவன் பல வருடங்களாக இந்தக் கதையை நம்பவில்லை.

சொன்னவர் மாசிலாமணி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதையில் தலைகுனிகிற சீடரும் அவரே. அவர் அதைச் சொல்கிற அழகில்தான் சந்தேகம் வந்தது. எந்த இடத்தில் உடைய வேண்டும் என்று அவர் குரலுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இருக்கட்டும். கதை இதுதான்.

"சாமி, ஊரையே ஏமாத்துதானுவ" என்றார் மாசிலாமணி.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஆசிரமம். சாமிக்குக் காது மந்தம். கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து சீடரின் உதட்டைப் பார்த்தார். அவர் காதில் ஒரு காது மெஷின். மாசிலாமணி ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தது.

"யாருவே?"

"ஆன்லைன் கடையில ரிவ்யூ எழுதுறவங்க. நம்ம சமையலுக்கு மிக்ஸி வாங்கினேன்லா, அத்தனை பேரும் அஞ்சு ஸ்டார் போட்டிருந்தான். தேங்காய் போட்ட உடனே புகைஞ்சிட்டு. இதுல பொய் எது, நெசம் எதுன்னு எப்படி சாமி கண்டுபிடிக்கிறது?"

"நட்சத்திரம் பாத்து வாங்குறதுக்கு ஜோசியக்காரன்ட்ட போயிருக்கலாம்லா."

மாசிலாமணி சிரிக்கவில்லை.

சாமி தன் காதைத் தொட்டுக் காட்டினார். "இந்த மெஷினுக்கும் எழுதியிருப்பானுவல்லா? அதை எடு. வாசி."

மாசிலாமணி தயங்கினார். பிறகு போனை எடுத்தார்.

"'அருமையான பொருள், அருமையான தரம்.' இது பொய், சாமி. என்ன பொருள்னே சொல்லல. மண்வெட்டிக்கும் இதையே எழுதலாம்."

"சரி."

"இந்த மூணும் ஒரே வாசகம். பேரு மட்டும் வேற. மூணையும் ஒரே நாள்ல போட்டிருக்கான்."

"பெரிய ஆளுவே நீ."

"இது மூணு ஸ்டார். 'பேச்சு கேட்கிறது, ஃபேன் போட்டால் இரைச்சல். இடது காதில் நிற்கவில்லை.' இவன் வாங்கினவன், சாமி. போட்டுப் பாத்தவன்."

சாமி தலையாட்டினார். மாசிலாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. கட்டைவிரல் திரையில் ஓடியது.

"ஒண்ணை விட்டுட்ட."

"இல்லையே, சாமி."

"எனக்குக் காதுதான்வே மந்தம்."

விரல் மேலே திரும்பிப் போனது. மாசிலாமணி முணுமுணுத்தார்.

"சத்தமா."

"'என் குருநாதருக்காக வாங்கினேன். பல வருடங்களுக்குப் பிறகு பறவைகளின் குரல் கேட்டுக் கண்கலங்கினார். நம்பி வாங்கலாம்.'"

பெட்டி மடியில் இருக்க, இன்னும் பிரிக்காமல், ஆசிரமத்துக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து மாசிலாமணியே எழுதியது அது.

"இது எப்படி? பொய்யா, நெசமா?"

மாசிலாமணி போனை மடியில் கவிழ்த்தார்.

"கவுக்காத. அதுக்குக் கீழ இன்னும் என்னமோ இருந்துச்சு."

"யாரோ ஒரு பொம்பள, சாமி. கேள்வி கேட்டிருக்கா."

"வாசி."

"'ஐயா, என் அப்பாவுக்குச் சுத்தமாகக் காது கேட்கவில்லை. டாக்டர் சொன்ன மெஷின் வாங்க எங்களுக்கு வசதி இல்லை. உங்கள் ரிவ்யூ பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது. வாங்கலாமா? செண்பகவல்லி.'"

"எப்ப கேட்டா?"

"போன வாரம்."

"அப்பவே பாத்தியா?"

"பாத்தேன், சாமி."

சாமி கத்தியைக் கீழே வைத்தார். காதிலிருந்த மெஷினைக் கழற்றினார். துண்டால் துடைத்தார். எட்டி, மாசிலாமணியின் காதில் வைத்து அழுத்தினார்.

தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். நிற்காத சத்தம். சாமியின் உதடு அசைந்தது. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

மாசிலாமணி அதைப் பிடுங்கி எடுத்தார்.

"இதையா சாமி இத்தனை நாளும் போட்டிருந்தீங்க?"

"ஆசையா வாங்கிட்டு வந்த. கேக்குதா, கேக்குதான்னு மூஞ்சியையே பாத்த. நானும் தலையாட்டிட்டேன்."

மாசிலாமணி சாமியின் காலில் விழுந்தார். கொத்தவரங்காய் தரையெல்லாம் சிதறியது. குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இங்கேதான் கதையை நிறுத்துவார் அவர். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சிலர் அவர் காலையே தொட்டுக் கும்பிடுவதுண்டு. வேண்டாம் வேண்டாம் என்பார். காலை இழுத்துக்கொள்ள மாட்டார்.

இதை எழுதுகிறவனும் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டவன்தான்.

போன மாதம், எல்லோரும் எழுந்து போன பிறகு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டான்.

"அண்ணாச்சி, அந்தச் செண்பகவல்லிக்கு என்ன பதில் எழுதினீங்க?"

மாசிலாமணி காலை இழுத்துக்கொண்டார்; அன்றைக்குத்தான் இதை எழுதுகிறவன் கதையை நம்பினான்.