இருபத்தொன்பதாம் நாள் கமிஷன்

குரு என்றதும் ஆசிரமத்தைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இந்தக் குரு மதிவதனிக்கு வயது இருபத்தெட்டு. ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில், ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல் மாடியில், இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சிஷ்யர் பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருஷம் மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வாசலில் காத்துக் கிடந்தவர். ஒருநாள் கம்பெனி, போதும், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டது.

மதிவதனி சொல்லிக்கொடுத்த வித்தை இதுதான். வெப்சைட் வைக்கிறவர்களுக்கு சர்வரில் இடம் வாடகைக்கு வேண்டும். அதைத் தருகிற கம்பெனிகள் ஆயிரம்; இடம் மட்டமானால் சைட் நத்தையாக நகரும். எது நல்லது என்று தன் வெப்சைட்டில் ஒரு பக்கம் எழுதி, கீழே ஒரு லிங்க் போட வேண்டும். படித்தவர் அந்த லிங்க்கை அமுக்கி இடம் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன்.

நோகாமல் நுங்கு தின்கிற வேலை என்று பொன்னுரங்கத்தின் மச்சினன் சிரித்தான். தின்று பார்த்தவனுக்கல்லவா தெரியும்? வாங்கியவர் முப்பதாம் நாள் பிறக்கும் முன் வேண்டாம் என்று சொன்னால் அவர் பணம் முழுசாகத் திரும்பிவிடும். கூடவே கமிஷனும் வந்த வழியே போய்விடும். முப்பதாம் நாள் விடிந்தால்தான் அது நம்முடையது.

இப்படி வந்ததும் போனதுமாக நான்கு மாதம் ஓடியது. மச்சினனுடைய நூல் குடோனில் கணக்குப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்லுங்கள் என்று கெடு வைத்துவிட்டான். அந்தக் குடோன் வாசலை மிதிக்கவே பொன்னுரங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. ஒரு பெரிய கம்பெனி அறிவித்தது: பத்துப் பேரைச் சேர்த்து, பத்தும் நிலைத்தால், பத்துக்கும் இரட்டைக் கமிஷன். பொன்னுரங்கம் ராப்பகலாக எழுதினார். பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஒன்பது நிலைத்துவிட்டது. பத்தாவதுக்கு இன்று இருபத்தொன்பதாம் நாள்.

ஒரு கிலோ நெய் மைசூர்பாவோடு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தார்.

"அம்மணி, இன்னும் ஒரே ஒரு நாள்" என்றார். மூச்சு வாங்கியது. "நாளைக்கு விடிஞ்சா பத்து. மச்சினன் மூஞ்சிக்கு நேரா, வரலைடா குடோனுக்குன்னு சொல்லப்போறேன். நேத்து ராத்திரி பொட்டுத் தூக்கமில்லீங்க."

"உக்காருங்ணா. தண்ணி குடிங்க."

குடித்தார். உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தார்.

"ஆனா ஒரு சின்ன இது."

"சொல்லுங்க."

"பத்தாவது ஆளு இருக்காங்கல்ல, ருக்குமணியம்மா. கருங்கல்பாளையத்துல மெஸ் வச்சிருக்காங்க. மதியச் சாப்பாட்டுக்கு சைட்ல ஆர்டர் எடுக்கறாங்க. என் பக்கத்தைப் படிச்சுத்தான் இடம் வாங்குனாங்க. கீழ என் நம்பர் இருக்கில்லீங்களா, காலைல கூப்பிட்டாங்க. சைட் நகரவே மாட்டேங்குதாம். ஆர்டரே வர்றதில்லையாம். கேன்சல் பண்ணிரட்டுமான்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாயங்காலம் கூப்பிடறேன்னு வச்சிட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு நாள் பொறுங்க, சரியாப்போயிரும்னு சொன்னா தப்புங்களா அம்மணி? சரியாகவும் ஆகலாமில்ல?"

மதிவதனி கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை.

"சாப்ட்டீங்களாண்ணா?"

"இந்த சந்தோஷத்துல எங்கிங்க சாப்பாடு."

"அந்தம்மா மெஸ்லயே ஆர்டர் போடுங்க. ரெண்டு பேருக்கும்."

இதென்ன பிரமாதம் என்று பொன்னுரங்கம் போனை எடுத்தார். மெஸ்ஸின் பக்கத்தைத் திறந்தார். ஒரு வட்டம் வந்து சுற்றியது. சுற்றியது. கடைசியில் வாழையிலைப் படம் பாதி வந்து, மீதி வரலாமா வேண்டாமா என்று யோசித்தது.

"வருது, வருது. உங்களுக்கு என்னங்க?"

"பள்ளிபாளையம் சிக்கன்."

அமுக்கினார். மறுபடி வட்டம். பக்கம் வெளுத்துப்போனது. முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை சிக்கன் ஏறியது, சாப்பாடு ஏறவில்லை. அதற்கடுத்த தடவை இரண்டும் ஏறின. "மாட்டுச்சு பாருங்க" என்று துள்ளி எழுந்தார். விலாசத்தை அடித்து முடித்து அனுப்பினார். போட்டதெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

"நாலு கிலோமீட்டர்தானுங்க, வண்டில போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"வேண்டாங்ணா. சைட்லயே போடுங்க."

"போன்லயாவது சொல்லிரட்டுங்களா?"

"சைட்ல."

அவளுடைய டிபன் பாக்ஸ் மேஜை மேலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. மைசூர்பாவையும் பிரிக்கவில்லை. கம்ப்யூட்டரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கத்துக்கு வீம்பு பிடித்துக்கொண்டது. இன்றைக்கு ஒரு ஆர்டரைப் போடாமல் விடுவதில்லை என்று ஜன்னலோரம் போய் நின்று அடித்தார், படியில் இறங்கி நின்று அடித்தார். வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கியது. மணி ஒன்றே முக்கால் ஆனது.

"எவனுங்க இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவான்?" என்று எரிந்து விழுந்தார். "பசிக்கிறவன் பக்கத்துக் கடைக்குப் போயிட மாட்டானா?"



சொன்ன பிறகுதான் பொன்னுரங்கத்துக்கே அது உறைத்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து ருக்குமணியம்மாவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. சாப்பிடுகிறவர்கள் சத்தம் கேட்கவில்லை.

"சாயங்காலம்னு சொன்னீங்களேண்ணா" என்றாள் ருக்குமணி.

"இப்பவே சொல்லிடலாம்னு."

"ரெண்டு நாள்ல சரியாகும்னு சொல்லுங்ணா, இருந்துக்கறேன். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? இன்னைக்கும் இருபது சோறு மிஞ்சிப் போச்சு."

சொன்னால் போதும். அந்தம்மாவே வாயில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு நாள்.

"ஆகாதுங்க" என்றார். "இன்னைக்கே கேன்சல் போட்ருங்க. நாளைக்குன்னா ஒத்தப் பைசா திரும்பாது."

"அப்படிங்களா." அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, உங்க பக்கம் மட்டும் தொட்ட உடனே பட்டுனு திறக்குதுங்களே. அதை எங்க வச்சிருக்கீங்க? இதே கம்பெனிதானுங்களே?"

பொன்னுரங்கம் மதிவதனியைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால், முதல் நாள், அவர் பக்கத்தை அவள்தான் கோயமுத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வைத்துக் கொடுத்தாள். ஒருநாள்கூட மக்கர் பண்ணியதில்லை. ஆனால் அந்தக் கம்பெனி யாருக்கும் கமிஷன் தராது. அதனால் அதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. ஊருக்கெல்லாம் பெரிய கம்பெனியைக் காட்டிவிட்டு, தான் மட்டும் அங்கே சுகமாக இருந்துகொண்டிருந்தார். இதை அவர் அதுவரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. வெட்கம் காது வரைக்கும் ஏறியது.

"இல்லீங்க" என்றார். "வேற இடம்."

"எனக்கும் அதையே சொல்லுங்ணா."

பெயரைச் சொன்னார். எழுத்துக் கூட்டிச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டு, இன்னொரு தடவை படித்துக் காட்டி, "நல்லாருப்பீங்க" என்று வைத்தாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். கம்ப்யூட்டரில் அவருடைய கணக்கைத் திறந்தால் பத்து என்பது ஒன்பதாகியிருந்தது. இரட்டை என்பது ஒற்றையாகியிருந்தது. பொன்னுரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒண்ணாந்தேதி காலைல வந்துடறேன். ஆமா, குடோனுக்குத்தான். சிரிக்காத. அட, சிரிச்சுட்டுப் போ."

வைத்தார். என்னவோ ஒரு பரபரப்பு நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பத்தாவது ஆள் சேர்ந்த அன்றைக்குக்கூட அது இந்த அளவுக்கு இல்லை. அது என்னவென்று அவருக்கே பிடிபடவில்லை.

"சொல்லிட்டேனுங்க அம்மணி" என்றார். "ஒரு பைசா தராத கம்பெனியைக் கையைக் காட்டி விட்டுட்டேன். இரட்டையும் போச்சு, குடோனும் ஆச்சு. நாலு மாசம் தலைகீழா நின்னு நான் என்னங்க சம்பாதிச்சேன்?"

மதிவதனி டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"இத்தனை நாளா பத்துப் பேரு உங்க லிங்க்கைத்தான் அமுக்குனாங்க" என்றாள். "இன்னைக்குத்தாங்ணா ஒருத்தரு உங்களை நம்பிக் கேட்டிருக்காங்க."