முகம் தெரியாத வெண்கலக் கண்ணாடி

நாமெல்லாம் பிறக்காத முன்னொரு காலத்தில், கண்ணுகளா, ஒரு ராஜா காலையில் தன் முகத்தைப் பார்த்து, தானே கோபித்துக்கொண்டார்.

அந்த அரசவையில் அம்பலக்கூத்தர் என்றொரு விகடகவி இருந்தார். நாற்பது வருஷமாக ராஜாவைச் சிரிக்கவைத்தவர். மந்திரிகளுக்கெல்லாம் ஆசனம் உண்டு, விகடகவிக்குக் கிடையாது. நின்றுகொண்டுதான் விகடம் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். முழங்கால் வீங்கிப்போன கூத்தர், சபை எப்போது கலையும் என்று தூணைப் பிடித்தபடி நிற்பார்.

சபையின் நடுச்சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு வெண்கலக் கண்ணாடி. இரண்டு பக்கமும் யாளிகள், உச்சியில் தோகை விரித்த மயில், சுற்றிலும் பூங்கொடி. எல்லாம் வார்த்தெடுத்த சிற்பவேலை. முகம் பார்க்கும் தகட்டை உண்ணாமலை என்கிற பெண் தினமும் எண்ணெயும் சலித்த செங்கல் தூளும் போட்டுத் துலக்கி, பட்டுத்துணியால் மூடிவைப்பாள். நாலு நாள் விட்டால் மங்கிவிடும்.

அன்று அதன் முன்னால் நின்ற ராஜா, "என்ன இது, முகமெல்லாம் கோடு?" என்றார்.

மந்திரி சேந்தனார் ஓடிவந்தார். "திருமுகத்தில் ஒரு கோடும் இல்லை, மகாராஜா! அந்தப் பெண் முரட்டுத்தனமாகத் தேய்த்துக் கண்ணாடியைக் கீறிவிட்டாள்."

ராஜாவுக்கு அதை நம்பத்தான் ஆசை. "பட்டாபிஷேகத்தன்று நான் இதில் எப்படித் தெரிந்தேனோ, அப்படியே மறுபடி தெரிய வேண்டும். இல்லையென்றால் அவள் கைகளை வெட்டுங்கள்!"

இன்றைக்காவது வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் என்றிருந்தது கூத்தருக்கு. ஆனால் உண்ணாமலை தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டார். பெருமூச்சு விட்டார்.

"ஏழு நாள் கொடுங்கள், மகாராஜா. அப்படியே தெரியும்."

"தெரியாவிட்டால் விகடகவியின் கையையும் சேர்த்து வெட்டலாமா?" என்று மடக்கினார் சேந்தனார்.

"கை எதற்கு, மந்திரியாரே? காலை வெட்டுங்கள். நிற்கிற வேலையாவது மிச்சமாகும்."

சபை கலைந்ததும் உண்ணாமலை அவர் பின்னாலேயே ஓடினாள். "ஐயா, எப்படித் தேய்க்கணும்னு சொல்லுங்க. ராப்பகலா தேய்க்கிறேன்."

"தேய்க்காதே தாயி. மூடின துணியையும் எடுத்துடு. வீட்டுக்குப் போய் ஏழு நாள் நல்லாத் தூங்கு."

"தூங்கவா? என் கை போயிடுமே ஐயா!"

"போகாது. எனக்கும் சேர்த்துத் தூங்கு."

அது ஐப்பசி மாதம். ஏழு நாளும் சன்னல் வழியே மழைக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

எட்டாம் நாள் ராஜா கண்ணாடி முன் நின்றார். "ஒன்றும் தெரியவில்லையே! மஞ்சளாக ஏதோ மூட்டம்..."

"வாளைக் கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்று துள்ளினார் சேந்தனார்.

கூத்தர் தூணை விட்டு மெல்ல முன்னே வந்தார். "மகாராஜா, இதைச் செய்த சிற்பி தனக்குக் கொடுத்த மூன்று வருஷத்தையும் யாளிக்குப் பல் வைப்பதிலும் மயிலுக்குத் தோகை வைப்பதிலும் கழித்துவிட்டான். தகட்டை மெருகேற்ற நாள் போதவில்லை. பட்டாபிஷேகத்துக்கு அப்படியே கொண்டுவந்து மாட்டினார்கள். தாங்கள் கிரீடத்தோடு வந்து பார்த்தீர்கள். நான் கூட்டத்தில் பின்னால் நின்றேன். அன்று என்ன தெரிந்தது?"

ராஜா மங்கிய தகட்டை மறுபடி உற்றுப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் மீசை துடித்தது. "மஞ்சளாக ஏதோ மூட்டம்... 'இதில் கிரீடம் எது, தலை எது?' என்று கேட்டேன்."

"கேட்டீர்கள். நான் ஒருவன்தான் சிரித்தேன். அதனால்தானே எனக்கு இந்த வேலையே கிடைத்தது!"

ராஜா யாளியின் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் உண்ணாமலையை அழைத்தார். "அம்மா, நாளையிலிருந்து பழையபடி துலக்கு."

"கோடு தெரியுமே, மகாராஜா?"

"தெரியட்டும். என்னுடையதுதானே."

அவள் முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்துக் கும்பிட்டாள்.

"கூத்தரே, உமக்கு என்ன வேண்டும்? பொன்னா, ஊரா?"

"உட்கார வேண்டும், மகாராஜா."

"சபையில் வேறு ஆசனம் இல்லையே!" என்று பதறினார் சேந்தனார்.

"அதனாலென்ன? உம்முடையதைக் கொடும்" என்றார் ராஜா.

கூத்தர் உட்கார்ந்தார். நாற்பது வருஷத்து அசதி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. சேந்தனார் தூணருகே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"முதல் பத்து வருஷம்தான் வலிக்கும், மந்திரியாரே" என்றார் கூத்தர். "இடதுபக்கத் தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாய்வதற்கு அதுதான் சுகம்."

ராஜா சிரித்த சிரிப்பு அரண்மனை வாசல்வரை கேட்டதாம். நீங்களும் காலை நீட்டிக்கொள்ளுங்கள், கண்ணுகளா. வெகுநேரமாக மடக்கியே உட்கார்ந்திருக்கிறீர்கள்.