புரட்டாசியில் பூச்சி தின்னும் செடி

வேப்பங்குழிப் பள்ளிக்கூடத்துத் தோட்டத்தை ஏகாம்பரம், அவர் மச்சான் துளசிங்கம், தம்பி கோதண்டம் ஆகிய மூவர் கவனித்துவந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். தொல்லையே அதுதான்.

ஒரு நாள் வேதவல்லி டீச்சர் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். இலை நுனியில் சின்னக் குடுவைகள் தொங்கும் செடி. குடுவைக்குள் பூச்சி விழுந்தால் செடி தின்றுவிடும். சனிக்கிழமை சின்னப் பிள்ளைகள் வருவார்கள், விதைகளை அவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டும், பூக்களைப் பிள்ளைகள் பறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், செடி பூச்சி தின்பதைக் காட்ட வேண்டும் என்றார். ஏதாவது கோளாறு நடந்தால் மூவரும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அவர் போனதும் ஏகாம்பரம் தொட்டியையே பார்த்தார்.

"மச்சான், இது புரட்டாசி மாசம் இல்ல?"

"ஆமா. பிள்ளைங்க வர்றது சனிக்கிழமை வேற."

வேப்பங்குழியில் புரட்டாசி பிறந்துவிட்டால் கோழிகூட நிம்மதியாகத் தெருவில் நடக்கும். பெருமாள் மாதத்தில் செடி கவிச்சி தின்றால் பாவம் வளர்க்கிறவனுக்குத்தானே? தின்னாவிட்டாலோ வேலை போய்விடும்.

நெடுநேரம் யோசித்து, செடிக்குக் கொசுவலை கட்டினார்கள். பசிக்குமே என்று ஒரு குடுவையில் தயிர்சாதம் வைத்தார்கள், கடுகு தாளித்து. மறுநாள் அந்தக் குடுவை கறுத்துத் தொங்கியது.

"ஊறுகாய் வைக்கல. அந்தக் கோபம்" என்றார் துளசிங்கம்.

சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். ஏகாம்பரம் ஒரு விதையை உள்ளங்கையில் வைத்து, "இவங்க அவரை விதை. அவரை, இது ரெண்டாங்கிளாஸ் இனியன்" என்றார். பையன் வணக்கம் சொன்னான். விதை பேசவில்லை. அதற்குக் கூச்சம் என்று அவரே சமாதானமும் சொன்னார்.

அடுத்தது பூக்கள். சாமந்தியிலும் செம்பருத்தியிலும் இலை மட்டுமே இருந்தது.

"பூவெல்லாம் எங்கே?" என்றார் டீச்சர்.

"பீரோவுல பத்திரமா இருக்கு டீச்சர். விடியும்போதே நாங்களே பறிச்சுட்டோம். இனிமே பிள்ளைங்களால பறிக்க முடியாது."

டீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்து மூவரும் வேலை போயிற்று என்றே முடிவுசெய்தார்கள். டீச்சர் போய்க் கொசுவலையை உருவினார். பிள்ளைகள் குனிந்தார்கள். கோதண்டம் கையில் கோயில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த ஈ ஒன்று எழும்பி, மிச்சமிருந்த குடுவைகளில் ஒன்றின் விளிம்பைச் சுற்றி, வழுக்கி உள்ளே விழுந்தது.

பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். டீச்சரே சிரித்துவிட்டார். வேலை தப்பியது.

அவர்கள் போனதும் மூவரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். விரதம் போச்சே. அப்போது கோதண்டம் மெல்லக் கேட்டான்.

"அண்ணே, அந்த ஈ எங்கே உட்கார்ந்திருந்துச்சு?"

"உன் பொங்கல்ல."

"அதுக்கு முன்னாடி?"

"வாழைப்பழத் தோல்ல."

"அப்போ அது சைவ ஈதானே?"

மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றுமுதல் மறுபடி வலையைக் கட்டி, பொங்கல் தின்ற ஈக்களை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். நேற்று ஒன்று கருவாட்டுக் கடைப் பக்கமிருந்து வந்தது. வந்ததைத் துரத்த மனமில்லாமல் பிடித்துக் குளிப்பாட்டினார்கள். நாமம் போட்டு உள்ளே அனுப்புவதாக ஏற்பாடு. நாமக்கட்டி குழைத்தாகிவிட்டது. நெற்றியைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.