மூக்கு உடையாத கல்

சென்னியப்பன் மூச்சு வாங்கக் கரட்டின் மேல் ஏறி வந்தபோது, குரு சுனையோரம் உட்கார்ந்து ஒரு கறுப்புக் கல்லால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காங்கயம் பக்கத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிற மனிதர் தன்னைவிடச் சின்னவரிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று ஊரில் கேலி பேசினார்கள். சென்னியப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியவர்களிடம் யோசனை கேட்டால் அவர்கள் தங்கள் சொந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். இவர் அவ்வளவாகப் பேச மாட்டார். ஒரே ஒரு குறை, குருவுக்கும் பொறுமைக்கும் தூரத்துச் சொந்தம்தான்.

"சாமி, என்னால முடியலீங்க."

"என்ன?"

"கல்லுங்க சாமி."

"வயித்துலயா?"

"வீட்டுலீங்க."

குரு தேய்ப்பதை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார். மேலே சொல்லலாம் என்று அதற்கு அர்த்தம்.

சொல்வதற்கா பஞ்சம்? தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய்க்குக் குழி வெட்டியபோது சென்னியப்பனின் மனைவி தமயந்தியின் கையில் ஊதா நிறத்தில் ஒரு கல் துண்டு அகப்பட்டது. அன்றைக்குப் பிடித்தது சனி. இப்போது மழை விட்டால் போதும், அவளும் மகள் ஓவியாவும் சுத்தியலும் சல்லடையுமாக மானாவாரிக் காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சன்னல் விளிம்பில் கல், டிவிக்கு மேலே கல், பூஜையறையில் பிள்ளையாருக்குத் துணையாக இரண்டு கல். குளிக்கப் போனால் வாளியில் கல் ஊறிக்கொண்டிருக்கும். ஓவியாவின் சீருடைப் பையில் மறந்துபோன ஒன்று வாஷிங் மெஷினையே உடைத்துவிட்டது. அம்மாவும் மகளும் கண்கலங்கிப்போனார்கள். மெஷினுக்காக இல்லை, கல்லில் கீறல் விழுந்துவிட்டதாம்.

"அதுகூடப் பரவால்லீங்க. ஞாயித்துக்கெழமை ஆனா ஆளுக வந்துர்றாங்க. இவங்களாட்டவே கல்லு பொறுக்கறவங்க. குடும்பம் குடும்பமா, டிபன் கேரியரத் தூக்கிக்கிட்டு. ஈரோட்டுல இருந்து ஒரு பல் டாக்டரு வர்றாரு, தீனதயாளன்னு. ஊருக்கெல்லாம் பல்லு வெளக்கச் சொல்ற மனுசன், எங்கூட்டுச் சோபாவுல உக்காந்து கல்லை நக்கறாருங்க!"

குருவின் கை நின்றது. "நக்கறாரா?"

"ஒரு ஓரத்தைத் தொடச்சுட்டு நாக்கை வெக்கறாரு. ஈரம் பட்டாத்தான் நெறம் தெரியுமாமா."

"கழுவிப் பாக்கலாமே."

"கழுவக் கூடாதுங்களாமா. இன்னொருத்தர் கண்ணுல காட்டற வரைக்கும் மண்ணோடவே வெக்கோணும். இடுக்குல இருக்கற மண்ணுதான் கல்லோட ஊரைச் சொல்லுமாமா. அவங்களுக்குள்ள சட்டம் சாமி அது. ஒரு கல்லைக் கையில வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் பேசறாங்க. நான் காப்பி கேட்டா யாருக்கும் காது கேக்கறதில்ல."

"அப்படி என்னதான் தேடறாங்க?"

"ஓவியாவுக்கு மூக்கு ஒடையாத கல்லு ஒண்ணு வேணுமாமா. ஆறு பட்டை, நுனி முழுசா இருக்கோணும். இங்க கெடைக்கறதெல்லாம் மொக்கையாத்தான் கெடைக்குது. அது ஒண்ணு மட்டும் கெடச்சாப் போதும்னு அந்தப் புள்ள ரெண்டு வருசமாச் சொல்லுது."

"நீங்க கூடப் போயிருக்கீங்களா?"

"வாராவாரம் கூப்புடுது. எனக்கு வேலை இல்லீங்களா சாமி?" என்ற சென்னியப்பன், சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏனுங்க சாமி, அந்தக் கல்லு கெடச்சுட்டா நிறுத்திருவாங்கல்ல?"

குரு ஒன்றும் சொல்லாமல் அடுத்த குதிகாலுக்குப் போனார். குரு வாயைத் திறக்காவிட்டால் தனக்குப் பிடித்த பதிலை அவர் வாயில் போட்டுக்கொண்டு இறங்கிப்போவது சீடர்களுக்கு வழக்கம். சென்னியப்பனும் இறங்கிப்போனார்.

கரூரில் கல் அறுக்கிற பட்டறைகளில் ஏறி இறங்கி, கடைசியில் ஒன்றைப் பிடித்தார். ஊதா நிறம், உள்ளங்கை அளவு, ஆறு பட்டை, நுனியில் துளி உடைசல் இல்லை. வேறு மாநிலத்திலிருந்து வந்த கல் என்றார் கடைக்காரர். எங்கிருந்து வந்தால் என்ன? வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது அது கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. பெற்ற மகளுக்கு மங்கலான கல்லைக் கொடுக்க மனசு வருமா? பாத்திரம் விளக்கும் பவுடர் போட்டு, பழைய பல் பிரஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவினார். பிறகு தன் களத்துத் தேங்காய் எண்ணெயை ஊற்றி நன்றாகத் தடவினார். எண்ணெய் பட்டு மினுங்காத பொருளை அவர் கண்டதில்லை. அந்த வாசம் அவருக்கு வாசமாகவே படுவதில்லை. பாதி ஆயுசு அதிலேயே கிடந்தவர்.

சனிக்கிழமை சாயங்காலம், கொள்ளு விதைக்கக் கிடந்த தன் மேட்டுக்காட்டுக்குத் தனியாகப் போனார். எங்கே புதைத்தால் மகள் கண்ணில் படும் என்று காட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேலி ஓரமாக மழைத்தண்ணீர் அரித்த ஒரு பள்ளத்தில் வைத்து, மண்ணை மூடி, ஒரு பட்டை மட்டும் வெளியே தெரியும்படி விட்டார். வேலையை முடித்து நிமிர்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. எல்லாம் இந்த ரோதனை ஒழிவதற்காகத்தானே என்று பொறுத்துக்கொண்டார்.

மறுநாள் வேலியைப் பார்க்கப் போகிறவர் மாதிரி அவர்களோடு அவரும் போனார். ஓவியா அந்தப் பள்ளத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கல்லை எடுத்தாள். கத்துவாள், குதிப்பாள் என்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம். அவள் கல்லை முகத்தருகே கொண்டுபோனாள். கல்லுக்கு முத்தம் கொடுக்கிறது பைத்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டார். பிறகு அவள் நிமிர்ந்து அவரையே சற்று நேரம் பார்த்தாள். பக்கத்தில் நின்ற தமயந்தியைத் தாண்டி நேராக அவரிடம் வந்து, அவர் கையில் கல்லை வைத்தாள்.

"மூக்கு ஒடையலீங்கப்பா," என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அத்தோடு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தார்.

எங்கே விட்டது? தமயந்தி கல்லைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அடுத்த ஞாயிறு வாசலில் கார் நிறுத்த இடமில்லை. இங்கேயா கிடைத்தது, இந்த மண்ணிலா என்று ஆளாளுக்குக் கடப்பாரையோடு காட்டில் இறங்கினார்கள். உழுவதற்கு வந்த டிராக்டர்காரரை, அடுத்த கல் உடைந்துபோகும் என்று சொல்லித் தமயந்தி திருப்பி அனுப்பினாள். மேட்டுக்காடு அம்மை கண்ட முகமாகிவிட்டது.

சென்னியப்பன் களத்து வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மறுபடியும் கரடு ஏறினார்.

குரு குளித்து முடித்திருந்தார். சுனையோரமெல்லாம் வேப்பெண்ணெய் சோப்பு வாசம். அதே கறுப்புக் கல், அதே குதிகால். சென்னியப்பன் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தார்.

"எண்ணெ தடவினீங்களா?" என்றார் குரு இடையில்.

"பளபளன்னு இருக்கோணுமில்லீங்க?"

குரு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப அதில்ல சாமி பிரச்சனை. வர்ற ஞாயித்துக்கெழமை கரூர்ல கல்யாண மண்டபம் புடிச்சு, கல்லு பொறுக்கறவங்க எல்லாம் கூடறாங்க. ஓவியா மேடையேறி இந்தக் கல்லைக் காட்டப் போகுது. அந்தப் பல் டாக்டரு போன வாரம் அதைக் கையில வாங்கினாரு. லென்ஸ வெச்சுப் பாத்தாரு. இந்த மண்ணுல இது வராதேன்னாரு. மோந்து பாத்தாரு. நக்கறவங்க மோந்துந்தான் பாப்பாங்கன்னு நான் பேசாம நின்னேன். எந்த எடத்துல எடுத்தே அம்மிணின்னு ஓவியாவக் கேட்டாரு."

"அவ என்ன சொன்னா?"

"அப்பாவக் கேளுங்க அங்கிள், அவருக்குத்தான் தெரியும்னு சொல்லிருச்சு. எங்காட்டுல கெடச்சதால அப்படிச் சொல்லுதாக்கும்னு நெனச்சேன். அந்த ஆளு என்னையப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, களத்துல எண்ணெ எப்படிங்க போகுதுன்னு கேட்டாரு. கல்லப் பத்திப் பேசறப்ப எண்ணெய எதுக்குங்க கேக்கறாரு? அவருக்கு என்னமோ சந்தேகம். அத்தனை சனத்துக்கு முன்னால அவரு வாயத் தொறந்தா எம்புள்ள கூனிக்குறுகிப் போயிருமுங்க."

"நீங்களே சொல்லிருங்க."

"எப்படீங்க சொல்றது? அந்தக் கல்லத் தலமாட்டுல வெச்சுக்கிட்டுத் தூங்குது. இது அப்பன் கடையில வாங்கிப் பொதச்சதுன்னு எந்த வாயால சொல்ல? சொன்னா மனசு ஒடஞ்சு போயிரும். சொல்லாட்டி ஊரு சொல்லிரும். சொல்லட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லிருங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

குரு கையிலிருந்த கறுப்புக் கல்லைச் சரிவில் தூர வீசினார்.

"அதை எடுத்துட்டு வாங்க. சொல்றேன்."

சென்னியப்பனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டில்தான் கல் என்று இங்கே வந்தால் இங்கேயுமா! கேட்டது ஒரே ஒரு வார்த்தை. முணுமுணுத்துக்கொண்டே சரிவில் இறங்கினார். கறுப்புக் கல், ஓரத்தில் வெள்ளைக் கோடு. இறங்கிப் பார்த்தால் அந்தச் சரிவில் பாதிக் கல் கறுப்பு, அதில் பாதிக்கு வெள்ளைக் கோடு.

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. முதலில் குருவைத் திட்டினார், பிறகு பல் டாக்டரை, பிறகு குழாய்க்குக் குழி வெட்டிய நாளை. திட்டி முடித்த பிறகு கல்லைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒன்றில் காக்காப்பொன் மினுங்கியது. இன்னொன்றில் ரோஜா நிறம் ஓடியது. இதையெல்லாம் இத்தனை வருஷம் மிதித்துக்கொண்டுதானே மேலே வந்தோம் என்று ஒரு நிமிஷம் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஒரு கல்லில் புழுதி அப்பி, இருப்பது வெள்ளைக் கோடுதானா என்று தெரியவில்லை. வேட்டியில் துடைத்தார். அப்போதும் தெரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினார்.

நிமிர்ந்து மேலே பார்த்தார். குரு அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குருவின் கல் கிடைக்கவே இல்லை. பொழுது சாயத் தொடங்கியதும், கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்த ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தார். சட்டைப்பையில் வேறு இரண்டு கல் கிடந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இந்தாங்க சாமி. உங்க கல்லு."

குரு இரண்டு கையாலும் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு உட்கார்ந்து குதிகாலைத் தேய்க்க ஆரம்பித்தார். கல் சொரசொரப்பானது. தேய்க்கவில்லை, கீறியது. குதிகால் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. குரு தேய்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

சென்னியப்பனால் தாங்க முடியவில்லை.

"நிறுத்துங்க சாமி. அது உங்க கல்லு இல்லீங்க."

"தெரியும்."

"எப்படீங்க தெரியும்?"

"என் கல்லுல வேப்பெண்ணெ சோப்பு வாசம் இருக்கும்."

சென்னியப்பன் கையை விரித்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். இத்தனை புழுதிக்கு அப்புறமும் ரேகைகளில் களத்து எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது. வேலியோரப் பள்ளத்தில் கல்லை முகத்தருகே கொண்டுபோன ஓவியா நினைவுக்கு வந்தாள். நிமிர்ந்து அவரையே பார்த்தாளே, அதுவும்.

உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"தெரிஞ்சுமாங்க வாங்கி வெச்சுக்கிட்டீங்க?"

குரு அந்தக் கல்லைச் சுனைத் தண்ணீரில் அலசித் தன் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"தேடிக் கொண்டாந்தது நீங்களாச்சே."