சுவரில் முட்டிய சாய்தளம்

"தாயே, இந்த அநியாயத்தை நீங்களே வந்து பாருங்க!"

குற்றாலலிங்கம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தியானக்கூடத்து வாசலிலேயே நின்று கத்தினார்.

மடத்தின் தாயார் உருத்திராட்ச மாலையை மடியில் வைத்தார். தாயாருக்கு நாற்பது வயதுதான். லிங்கத்துக்கு அறுபது தாண்டியாயிற்று. ஆனாலும் சீடர் அவர்தான். மடத்துக் கட்டட வேலைக்கும் அவர்தான் பொறுப்பு.

"என்ன அநியாயம்?"

"நடக்க முடியாதவங்க தங்குறதுக்குக் கட்டடம் கட்டுறோமே. சக்கர நாற்காலி ஏறுறதுக்குச் சாய்தளம் போடச் சொன்னா, அந்தத் தவசிமுத்து எங்கே போட்டிருக்கான் தெரியுமா? சுவருக்கு நேரா! ஏறிப் போய் முட்டிக்கிறதுக்கா? கண்ணு இருக்கா அவனுக்கு?"

"அவர் என்ன சொல்றார்?"

"பிளான்ல வாசல் அங்கதான் இருக்குதாம். பிளானாம் பிளான்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா? போடா வெளியேன்னு சொல்லிட்டேன்."

கொத்தனார் தவசிமுத்து பின்னாலேயே வந்து நின்றார். அவர் கையில் பிளான் இருந்தது.

"தாயே, நான் சாய்தளம் போட்டப்ப அங்கே சுவரே எழும்பலை. வெறும் அஸ்திவாரம்தான். இஞ்சினியர் கையெழுத்துப் போட்ட படத்துல தெற்கே வாசல். தெற்கே போட்டேன். மடத்து வேலையிலேயே தப்புப் பண்ணித் துரத்தப்பட்டவன்னு பேராயிட்டா, இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?"

"வாசலைக் கிழக்கே மாத்தியாச்சுடா!"

"யாரு மாத்தினது?"

"நான்தான். தெற்கு வாசல் ஆகாது. சுவர் கட்டுறவன்கிட்டச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாம மாத்திட்டான். அவன் பக்தன்!"

"என்கிட்டச் சொன்னீங்களா?"

"ஒருத்தன்கிட்டச் சொன்னா மத்தவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"கனவுல வந்து சொல்லியிருந்தாலாவது கேட்டிருப்பேன், சாமி."

"பார்த்தீங்களா தாயே, வாய்த்துடுக்கை!"

தாயார் லிங்கத்தைப் பார்த்தார்.

"இஞ்சினியர்கிட்டச் சொன்னீங்களா?"

"ஒரு வாசல்தானே, தாயே. அதுக்குப் போய் அவரா?"

"பிளான்ல திருத்தினீங்களா?"

"அதுக்கு அவர் வரணும், வேற படம் போடணும், கையெழுத்து வைக்கணும். வேலை நின்னுபோயிடும். உங்க வாக்கைக் காதால கேட்டுத்தானே நாங்க நடக்கிறோம்? காகிதத்தையா கும்பிடுறோம்? வாய்ச்சொல் போதாதா?"

தாயார் எழுந்து நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள்.

கட்டடத்தின் கிழக்கு வாசலில் படிகள். தெற்கே அகலமான, நல்ல சாய்தளம். அதன் உச்சியில் பூசாத செங்கல் சுவர்.

மடத்துச் சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார் தாயார். அதில் உட்கார்ந்துகொண்டார்.

"தள்ளுங்க."

"தாயே, நீங்க போய் இதுல..."

"தள்ளுங்க, லிங்கம் ஐயா."

மூச்சு வாங்கத் தள்ளினார். உச்சியில் தாயாரின் முழங்கால் சுவரில் இடித்தது.

"ஏன் நின்னுட்டீங்க?"

"சுவர் இருக்கே, தாயே."

"அதுகிட்டச் சொல்லுங்க."

"என்னன்னு?"

"வழி விடச் சொல்லி. வாய்ச்சொல் போதும்னீங்களே."

லிங்கத்தின் முகம் சிவந்துவிட்டது.

"வேலைக்காரன் முன்னாடி என்னைக் கேலி பண்றீங்க."

"கேலியா?"

தாயார் குரல் உயர்ந்தது. அந்தக் குரல் உயர்ந்து மடத்தில் யாரும் கேட்டதில்லை.

"இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருத்தி இங்கே வரப்போறா. கிழக்கென்ன தெற்கென்ன அவளுக்கு? உள்ளே போகணும், அவ்வளவுதான். அவளை அரிசி மூட்டை மாதிரித் தூக்கிக்கிட்டா படி ஏறப் போறீங்க? ம், சொல்லுங்க. சுவர்கிட்டச் சொல்லுங்க!"

லிங்கத்தின் பிடி தளர்ந்தது. நாற்காலி பின்னுக்குச் சரிந்தது.

தவசிமுத்து பிளானைப் போட்டுவிட்டு ஓடிவந்து தோள் கொடுத்தார். நாற்காலி நின்றது.

தாயார் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு லிங்கத்தைப் பார்த்தார்.

"இவரைத்தான் வெளியே போகச் சொல்லிட்டீங்களே. இன்னும் ஏன் இங்கே நிக்கிறார்?"

லிங்கம் மெல்ல இறங்கிப் போனார். கீழே கிடந்த பிளானை எடுத்தார். அதன் மேலிருந்த மண்ணைத் தட்டினார்.

"வாயாலதானே சொன்னேன், தாயே."