பாதியான வெளிச்சம்

இரத்தப் புற்றுநோய் மருத்துவர் சவரிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு வயது. செல்களை அளக்கக் கற்றுக்கொள்ள அவர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது, அங்கே சொல்லிக்கொடுத்த நிலோஃபருக்கு முப்பத்தாறு. இந்த வயது வித்தியாசத்தை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலையில் ஒரு காலை அவர் வாடிய முகத்தோடு வந்தார். கையில் ஒரு கடிதம்.

"தங்கபுஷ்பத்துக்கு மருந்தை நிறுத்தப் போறேன், மேடம்."

தங்கபுஷ்பம் பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் சத்துணவு சமைப்பவர். மார்ச்சிலிருந்து சவரிமுத்துவின் நோயாளி. அவருக்குக் கொடுக்கும் மருந்து, நோயுற்ற செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளை, கதவின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல் பற்றிக்கொண்டுதான் வேலை செய்யும். அந்த ஏற்பிகளில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டால், எவ்வளவு ஒளிர்கின்றன என்று கருவி எண்ணில் காட்டும்.

"மார்ச்சில எட்டாயிரம். நேத்து நாலாயிரம். ஏற்பி பாதியாயிடுச்சு. மருந்து பிடிச்சுக்க இடமில்ல. அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. மகளுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்காங்க."

நிலோஃபர் குளிர்பெட்டியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினார்.

"இதைக் கருவியில ஓட்டுங்க."

"என்ன இது?"

"பிளாஸ்டிக் மணி. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிசு. ஒவ்வொண்ணுலயும் இவ்வளவு சாயம்னு அளந்து வச்சுச் செஞ்சது, அது மாறாது."

ஓட்டினார். திரையில் மூவாயிரம் என்று வந்தது. நிலோஃபர் கருவியின் பதிவேட்டில் மார்ச் மாதப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதே மணிகள், ஆறாயிரம்.

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மணியும் பாதியாயிருக்கே."

"ஆமா. மணிக்கு என்ன வியாதி, டாக்டர்?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். மே மாதம் கருவியைப் பழுதுபார்த்தபோது அதன் உணர்திறனைக் குறைத்து வைத்ததாக எழுதியிருந்தது. மணிகளை அளவுகோலாக வைத்து இரண்டு எண்களையும் திரும்பக் கணக்கிட்டார். தங்கபுஷ்பத்தின் ஏற்பிகள் இருந்தபடியே இருந்தன.

கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

"இனிமே இந்த மெஷினை எப்படி நம்புறது? இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லுதே."

நிலோஃபர் குப்பியை மூடினார்.

"வெளிச்சம் குறைஞ்சிருக்குன்னு மட்டும்தான் அது சொல்லிச்சு, டாக்டர். ஏற்பி குறைஞ்சிடுச்சுன்னு சொன்னது நீங்க."